நான்கு சிவப்பு நோட்டுகளை ஒன்றாக்கிய நூலக அம்மையாருக்கு

பணி நிறைவு பெறும் எங்கள் பள்ளியின் நூலக அம்மையாருக்கு, உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும் அன்பும் நன்றியும், அவற்றோடு கொஞ்சம் வெட்கமும் கலந்து வாசித்தளிக்கும் மடல்.

ஏடுகளைக் காத்த எழிலே! எண்ணாயிரம் நூல்களின் இருப்பிடம் அறிந்த இணையிலா நினைவே!

முப்பத்தோர் ஆண்டுகள் இப்பள்ளியின் மாடிக் கோடியில் அமர்ந்து, கிழிந்த பக்கங்களைப் பசை தடவி ஒட்டினீர்கள். கரையான் தின்ற அலமாரிகளைக் கண்ணீர் மல்கக் காலி செய்தீர்கள். திரும்பி வராத நூலைத் தேடி வீட்டு வாசல் வரை நடந்தீர்கள். தங்கள் தமிழ்க் கையெழுத்தின் தெளிவை எங்கள் அச்சுப்பொறிகளும் அடைந்ததில்லை. இவற்றையெல்லாம் பாராட்டத்தான் கூடினோம். ஆயினும் இவற்றுக்காக மட்டும் இம்மடல் எழுதப்படவில்லை.

அழைத்த வகுப்புக்கெல்லாம் அலுக்காமல் வந்த அன்னையே!

யார் விடுப்பு எடுத்தாலும் அந்த வகுப்புக்கு நூலகரை அனுப்பு என்பது இப்பள்ளியின் எழுதாச் சட்டம். அதனால் தங்களுக்கு ‘ஸ்டெப்னி’ என்று பெயர் வைத்து, ஆசிரியர் அறையில் சிரித்தோம். தங்களுக்கும் அது தெரியும். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எல்லா வகுப்பிலும் எல்லாப் பாடவேளையிலும் உட்காரும் ஒரே ஆள் தாங்கள் என்பதன் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் மாணவர் குறை எழுதும் சிவப்பு நோட்டு ஒன்று உண்டு. ஒருவர் நோட்டை மற்றவர் பார்ப்பதில்லை. “கண்ணைச் சிமிட்டிக் கேலி செய்கிறாள்” என்று ஒரு நோட்டு சொன்னது. “தோளைக் குலுக்கி அலட்சியம் காட்டுகிறாள்” என்றது அறிவியல் நோட்டு. “தொண்டையைச் செருமிப் பாடத்தைக் கெடுக்கிறாள்” என்றது கணக்கு நோட்டு. “தலையை வெட்டி முகம் திருப்புகிறாள்” என்றது ஆங்கில நோட்டு. ஓவிய ஆசிரியையின் நோட்டில் மட்டும் அவள் பெயரே இல்லை. அதையே நாங்கள் சான்றாகப் பிடித்துக்கொண்டோம்: ஓவிய வகுப்பில் ஒழுங்காக இருப்பவள் மற்ற வகுப்பில் ஆடுகிறாள் என்றால், அது திமிர் அன்றி வேறென்ன?

முதல் நோட்டு, இம்மடலை எழுதும் தமிழாசிரியனான என்னுடையது. எதுகை மோனையோடு பதினோரு முறை எழுதியிருக்கிறேன்.

தாங்களும் தவறினீர்கள், அம்மையீர்! மூக்கை உறிஞ்சி ஒலி எழுப்புகிறாள் என்று அவளை நூலகத்துக்கு வெளியே நிறுத்தினீர்கள். ஆனால் மறுநாளே அவளைத் தேடிச் சென்று, எங்களில் எவரும் கேளாத ஒன்றைக் கேட்டீர்கள்.

“அது வர்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும் மிஸ். தும்மல் வர்ற மாதிரி இருக்கும். அடக்கலாம். ஆனா அடக்குனா அத மட்டும்தான் நெனச்சிட்டிருக்கணும். பாடம் காதுல ஏறாது.”

அன்று முதல் பழைய நூல் வழங்கும் அட்டைகளின் பின்புறம் தாங்கள் எழுதத் தொடங்கினீர்கள். நாள், பாடவேளை, கண்டது, அவ்வளவே. கண் சிமிட்டல் சில வாரம் இருந்து மறைந்தது. தோள் குலுக்கல் வந்தது. சிமிட்டல் மீண்டும் வந்தது. தேர்வு நெருங்கினால் கூடியது. படம் வரைகையில் அடங்கியது. மூன்றாம் வகுப்பு ஆசிரியையைக் கேட்டு, ஓராண்டுக்கு மேலாகவே இது உண்டு என்றும் குறித்தீர்கள்.

இதற்கிடையில் காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியரைப் பார்த்து அவள் கண் சிமிட்டித் தொண்டையைச் செருமினாள். மாற்றுச் சான்றிதழ் மேசைக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியர் அறையில் பெற்றோரும் நாங்களும் நின்றுகொண்டிருந்தோம்.

“அடிச்சும் பாத்துட்டோம் சார். கொஞ்ச நேரம் நிறுத்துறா, அப்புறம் ரெண்டு மடங்கா வருது” என்றாள் தாய்.

“கண்ணு டாக்டர் கண்ணு நல்லாருக்குங்கிறார், தொண்டை டாக்டர் தொண்டை நல்லாருக்குங்கிறார்” என்றார் தந்தை.

அனுமதி கேளாமல் உள்ளே வந்து, அட்டைகளை மேசை மீது பரப்பினீர்கள். அருகில் எங்கள் நோட்டுகளையும் திறந்து வைத்தீர்கள்.

“சார், நாலு பேரும் நாலு பிள்ளையப் பத்தி எழுதல. ஒரே பிள்ளை. கேலி, திமிர்னு இருக்கிற வார்த்தையெல்லாம் அடிச்சிட்டு ஒரு தடவ படிங்க.”

தலைமையாசிரியர் படித்தார். பேனாவை மூடினார். அந்த அறையில் நாங்கள் தலை குனிந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை.

பெற்றோர் அவளை அழைத்துச் சென்ற நரம்பியல் மருத்துவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிறுமியிடம் நெடுநேரம் பேசி, சோதித்தார். “இதுக்குப் பேரு டூரெட். உடம்புல பல அசைவு, கூடவே சத்தம், ஒரு வருஷத்துக்கு மேல வந்து வந்து போறது, இதெல்லாம்தான் அடையாளம். கொழந்த வேணும்னு செய்யல. திட்டுனா கூடும். கண்டுக்காம விட்டீங்கன்னா அவ நிம்மதியா படிப்பா” என்றார். தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நோய்க்காக அல்ல; அடித்த அடிகளுக்காக.

அதன் பின் சிவப்பு நோட்டுகள் ஒழிந்தன. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஏடு, தங்கள் நூலகத்தில். அதன் முதல் பக்கத்தில் தாங்கள் எழுதிய வரி இன்றும் இருக்கிறது: ‘பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள்.’

அம்மையீர்! ஓய்வு தங்களுக்கு நலம் தரட்டும். படிக்க நேரமின்றி ஒதுக்கி வைத்த நூல்களெல்லாம் தங்கள் மடிக்கு வரட்டும். கண்ணொளி குன்றாமல், முழங்கால் வலி கூடாமல், நூறாண்டு வாழ்க!

இறுதியாக ஒன்று. இம்மடலைக் கேட்கும் அவைக்குத் தெரிந்தது, சட்டமிட்டு மாட்டிய பின் படிப்போருக்குத் தெரியாது. எனவே எழுதி வைக்கிறோம். இதை வாசிக்க ஆள் தேடியபோது பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவி வந்தாள். “நான் வாசிக்கிறேன் சார். என் கதைய விடாம எழுதுங்க. நடுவுல சத்தம் வரும், பரவாயில்லையா?” என்றாள்.

இப்போது தங்கள் முன் நின்று வாசிப்பவள் அவளே. இடையில் வந்த ஒலிகளை நாங்கள் எழுதவில்லை. அவையும் இம்மடலில் சேர்ந்தவையே.

தங்கள் நன்றி மறவா,
ஆசிரியர்களும் அலுவலர்களும்