முன்முற்றத்துச் சுவரின் ஐந்து துளைகள்

மெதெயின் நகரம், லா லோமித்தா பகுதி போலீஸ் இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் டிசம்பர் 12ஆம் தேதி காலை பத்து மணிக்கு, எவெலியோ தங்கரீஃபே, வயது 58, பஸ் ஓட்டுநர், ஏழாவது படித்தெரு, கதவு எண் 41, என்பவர் தானாக நேரில் வந்து சொல்லப் பதிவு செய்தது:

நான் மேற்படி முகவரியில் என் மனைவி லூஸ் டாரியுடன் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். எங்கள் மேட்டுக்கு வரும் பஸ்ஸை ஓட்டுகிறேன். இந்த அலுவலகத்துக்கு என் ஆயுசில் இரண்டு முறைதான் வந்திருக்கிறேன். முதல் முறை முந்தாநாள், கூலி வேலை செய்யும் நுபியா ஊசுகா என்ற பெண் என் வீட்டுத் தடுப்புச் சுவரை விரோதம் காரணமாக உடைத்ததாகப் புகார் கொடுக்க வந்தேன். இரண்டாவது முறை இன்று வந்திருக்கிறேன். என் புகாரால், மேல் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டும் வேலையை முன்நின்று நடத்த நுபியாவுக்குக் கொடுத்திருந்த பொறுப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று நேற்று பஸ்ஸில் ஏறியவர்கள் பேசிக்கொண்டார்கள். புகார் நிற்கும்வரை அந்தப் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்காது. நடந்ததை நடந்தபடி சொல்லவே வந்திருக்கிறேன்.

என் வீடு மேலே இருக்கிறது, தெருப்படிகள் கீழே இருக்கின்றன, நடுவில் முன்முற்றம் முழுக்கச் சரிவு. படிகளுக்கு அந்தப் பக்கம், இன்னும் தாழ்வாக, ரோசால்பா என்பவரின் வீடு. அவர் வாசலில் தையல் மிஷின் போட்டு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பார். கடந்த மே மாத மழையில் என் முற்றத்து மண் சரிந்து, துணி காயப்போடும் கம்பியும் என் சட்டைகளுமாக அவர் மிஷின் காலடியில் போய் நின்றது. அவர் சட்டைகளைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார், மண்ணைத் தானே வாரிக் கொட்டினார்.

அதன் பிறகு தடுப்புச் சுவர் கட்டியே தீர வேண்டும் என்று முடிவாகி, எந்தச் சுவர் என்பதில் மூன்று மாதம் வீட்டில் சண்டை நடந்தது. நான் இரும்புக் கடைக்காரர் வீட்டில் இருப்பதுபோல் நேராக, வழவழவென்று, ஒரே உயரமான கான்கிரீட் சுவர் கேட்டேன். என் மனைவி பழைய டயர்களை மண் நிரப்பிப் படிபோல் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஜெரேனியம் பூச்செடி வைக்க வேண்டும் என்றாள். என் மைத்துனன் கம்பி வலைக்குள் கல்லைப் போட்டு அடுக்கினால் போதும் என்று சொல்லிவிட்டு, வேலைக்கு வராமல் நழுவினான். அதன் பிறகு குடியிருப்புக் கமிட்டி நுபியாவை அனுப்பியது. அவருக்கு வயது நாற்பத்துநான்கு, இரண்டு தெரு மேலே இருக்கிறார், இருபது வருடமாகக் கல் வேலை செய்கிறார். ஒரு பெண் வந்து எனக்குச் சுவர் சொல்லித் தருவதா என்று அன்று எனக்கு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

அவர் வந்ததும் அளவு நாடா எடுக்கவில்லை. ஒரு வாளி தண்ணீர் கேட்டார். அதை முற்றத்தின் தலையில் ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது போகும் வழியைப் பார்த்தார். நான்கு இடத்தில் அப்படிச் செய்தார். நான், "என்னம்மா, செடிக்குத் தண்ணி ஊத்தவா வந்தே? எந்தச் சுவர்னு சொல்லு" என்றேன்.

"சுவர் கெடக்கட்டும்ணே. தண்ணி எந்த வழியாப் போகணும்னு நினைக்குதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்குவோம். நீங்க சொன்னாக் கேக்காது அது. உங்க பஸ்ஸு இல்ல" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னது: உயரமான ஒரே சுவர் வேண்டாம், இரண்டு குட்டைச் சுவர்கள் கல்லில் கட்டி நடுவில் ஒரு தளம் விட வேண்டும், சுவர் நேராக நிற்கக் கூடாது, மேட்டின் மேல் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டும், சுவருக்குப் பின்னால் ஜல்லி, கீழ்ச்சுவரில் ஐந்து இடத்தில் குழாய்த் துண்டு, விளிம்பெல்லாம் வெட்டிவேர், தளத்தில் காப்பிச் செடி, வாசலை ஒட்டி என் மனைவிக்குப் பூச்செடிகள். விளிம்பில் இருந்த என் வாழைகளை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். வாழை வேர் மேலோடு நிற்கும், உடம்பு முழுக்கத் தண்ணீர், விழும்போது மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் என்றார். காலையில் வறுத்துத் தின்ன வாழைக்காய்க்கு எங்கே போவேன் என்று கேட்டேன். "தின்ன வாய் மிஞ்சணும்ல?" என்றார். என் மனைவி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

செப்டம்பர் மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கொன்வீத்தே என்று சொல்லும் கூட்டு வேலை என் வீட்டில் நடந்தது. இன்று எனக்கு, நாளை உனக்கு என்று தெருவே கூடிச் செய்யும் வேலை அது. நான் மேட்டுக்குக் கீழே இருந்து கல் ஏற்றி வந்தேன், பெண்கள் விறகு மூட்டிப் பெரிய பானையில் கோழியும் கிழங்கும் போட்டு சான்கோச்சோ வைத்தார்கள். நுபியா ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டு, நல்லதை மட்டும் வைத்தார். நான் கொண்டுபோன கல்லை மூன்று முறை திருப்பி அனுப்பினார். கோபத்தில் நான்காவதாக அவர் ஏற்கெனவே ஒதுக்கிய கல்லையே அழுக்குத் துடைத்துக் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, "குளிச்சுட்டு வந்தாலும் ஆளு அதே ஆளுதாண்ணே" என்றார். ஒரு மனுஷிக்குக் கல்லை அடையாளம் தெரிகிறது என்றால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கடைசி ஞாயிறு குழாய்களைப் பதித்தபோது, புதுச்சுவர் எதற்கு ஒழுக வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நிறுத்தத்துல நீங்க கதவைத் தொறக்காமப் போனா உள்ள இருக்குற ஜனம் என்ன பண்ணும்? கதவை ஒடச்சுக்கிட்டு எறங்கும். தண்ணியும் ஜனந்தாண்ணே." எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

அதன் பிறகு டிசம்பர் மாதம் வந்தது. ஏழாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாள். எல்லாத் தெருவும் முன்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, எந்தத் தெரு அழகு என்று போட்டி போடுவது எங்கள் வழக்கம். நான் மூன்றாம் தேதி கீழ்ச்சுவருக்கு வெள்ளை அடித்தேன். மறுநாள் சிறு மழையில் ஐந்து குழாயிலிருந்தும் செம்மண் தண்ணீர் வழிந்து, வெள்ளையில் ஐந்து நீளக் கோடு இழுத்தது. மேல்தெருக்காரர்கள், "எவெலியோ வீட்டுச் சுவருக்கு மூக்கு ஒழுகுது" என்று படியில் நின்று சொன்னார்கள்.

நான் புகாரில் குழாய்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஐந்தாம் தேதி மதியம், மனைவி சந்தைக்குப் போயிருந்தபோது, ஐந்து குழாய்களையும் கந்தல் துணி வைத்து அடைத்து, மேலே சிமெண்டு பூசி, இரண்டு பூச்சுச் சுண்ணாம்பும் அடித்தவன் நானே. யாரும் உடன் இல்லை. ஏழாம் தேதி சுவர் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றினோம், எங்கள் தெரு ஜெயித்தது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

எட்டாம் தேதி தொடங்கிய மழை பத்தாம் தேதி காலைவரை விடவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு வேலைக்கு இறங்கிவந்த நுபியா, சுவர் முன்னால் நின்றுவிட்டார். சட்டைப் பொத்தான் தெறிக்கப்போகிற வயிறுபோல் சுவர் நடுவில் முன்னுக்கு வந்திருந்தது. கீழே ரோசால்பா மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். நுபியா என் கதவைத் தட்டி, "அண்ணே, கொழாய் எங்கே?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நீ வச்சது. ஒழுங்கா வச்சிருக்க மாட்டே" என்றேன். அவர் கடப்பாரையை எடுத்தார். "என் சுவரைத் தொட்டே, போலீசுக்குப் போவேன்" என்றேன்.

"போங்க. போறப்ப ரோசால்பா அக்காவ மிஷினை விட்டு எழுப்பி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அதன் பிறகு அவர் சுவரின் மூலையில் தோளை ஒட்டி நின்று, குழாய் பதித்தபோது அளந்ததுபோலவே கையை நீட்டி, விரல் நுனி பட்ட இடத்துக்கு நேரே முழங்கால் உயரத்தில் ஒரே அடி அடித்தார். சுண்ணாம்பில் ஒரு அடையாளமும் கிடையாது, நான்தான் அவ்வளவு நன்றாகப் பூசியிருந்தேனே. துணி பிய்ந்து செந்தண்ணீர் அவர் மார்பில் பீய்ச்சியது. அப்படியே நின்று துப்பிவிட்டு, அடுத்த கை அளவுக்கு நகர்ந்தார். ஐந்து இடத்தில் அடித்தார், ஐந்திலும் குழாய். இதை முந்தாநாள் நான் 'சுவரை உடைத்தார்' என்று எழுதவைத்தேன். ஒரு கல்கூட உடையவில்லை. உடைந்தது நான் பூசிய சிமெண்டு மட்டும்.

நான் சொன்னபடியே இங்கே வந்து புகார் கொடுத்துவிட்டு மதியம் திரும்பினேன். என் மனைவி படியில் உட்கார்ந்து ஒரு குழாயின் கீழ் வாளி வைத்திருந்தாள். அது நிறைய, அவள் கொட்ட, மறுபடி வைக்க, மறுபடி நிறைய. மழை நின்று வெகு நேரம் ஆகியிருந்தது. "இம்புட்டுத் தண்ணியும் எங்க இருந்துச்சு தெரியுமா? ரோசால்பா தலைக்கு மேல" என்றாள். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அது நின்றது. மூன்று நாள் மழையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு நின்ற சுவர் அது. அப்படி ஒரு சுவரை என்னால் ஏழு ஜென்மத்துக்கும் கட்ட முடியாது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்: பொய்ப் புகார் கொடுப்பது குற்றம் என்று தெரியும். அதற்கு என்ன உண்டோ அதை எனக்கு எழுதிக்கொள்ளலாம். நுபியா என்னைப் பார்க்க வரவில்லை, ஆள் அனுப்பவும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரை அவர்தான் கட்ட வேண்டும். அதற்குக் கல் தூக்க எல்லா ஞாயிறும் நான் போகிறேன், அவர் திருப்பி அனுப்புகிற கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டும் போகிறேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். முந்தாநாள் புகாரிலிருந்து எடுத்து, முதல் பக்கத்தில் 'கூலி வேலை செய்யும் நுபியா ஊசுகா என்ற பெண்' என்று எழுதியிருக்கிறது. அப்படி எழுதச் சொன்னவன் நானே. என் வேண்டுகோளின்படி இரண்டு தாளிலும் அது அடிக்கப்பட்டு, 'மேஸ்திரி நுபியா ஊசுகா' என்று எழுதப்பட்டது. அடித்த இரண்டு இடத்திலும் தனித்தனியே ஒப்பமிட்டுவிட்டு, இங்கேயும் இடுகிறேன்.

(ஒப்பம்) எவெலியோ தங்கரீஃபே