கொசுறாகப் போன அறுபது பாக்கெட்

எனக்கு சோம்பு பிஸ்கட் பிடிக்காது, ஐயா. ஆசைப்பட்டுச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

எந்தச் சரக்கு எவ்வளவு விற்கிறது என்று கம்பெனிகளுக்குக் கணக்குச் சொல்லும் லீமா நிறுவனம் ஒன்றுக்காக, கடைகளில் சரக்கை எண்ணுவது என் வேலை. போன மாத இருப்போடு இடையில் வந்ததைக் கூட்டி, இன்றைய இருப்பைக் கழித்தால் விற்பனை. பெரு நாட்டு மலையில் இருக்கும் எங்கள் ஊர் வன்காயோவில் எவுடோசியா அம்மாவின் மளிகைக் கடைதான் மாதிரிக் கடை. அங்கே ஒரு பாக்கெட் குறைந்தால், மலைப்பக்கம் முழுக்க முந்நூறு விற்றதாக லீமாவில் எழுதிக்கொள்வார்கள். எந்தக் கடை என்பது ஊரில் எனக்கு மட்டுமே தெரியும்.

தங்கை கணவன் நிகனோர் ஊர் பிஸ்கட் ஆலையில் சோம்பு பிஸ்கட் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது போணியாகவில்லை, அடுப்பை அணைக்கப்போகிறார்கள் என்று ஒருநாள் வந்து சொன்னான்.

"வேலை போச்சுன்னா உங்க வீடுதான் மச்சான் கதி. நாலு பிள்ளைங்க, எங்கம்மா, அப்புறம் என் சாக்ஸபோன்."

நான் அமைதியை விரும்புகிறவன். எவுடோசியா அம்மாவிடம் போனேன்.

"இந்த சோம்பு பிஸ்கட் தூசி படிஞ்சு கெடக்கே, கொசுறா குடுத்துடுங்களேன்."

"சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க தம்பி."

"கேக்காம பைக்குள்ள போட்டுடுங்க."

கொசுறைத் திருப்பித் தருவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. இரண்டு மாதத்தில் அறுபது பாக்கெட் போயிற்று. லீமாவில் அது பதினெட்டாயிரம்.

மலைக்காரர்களுக்கு சோம்புப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பிஸ்கட் கம்பெனி நம்பியது. நன்றாக விற்ற உப்பு பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, நாலு அடுப்பிலும் சோம்பு பிஸ்கட்டே சுட்டது. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் வளர்க்கும் கினிப்பன்றிகள்கூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஆறாம் மாதம் ஆலையை மூடினார்கள். தொண்ணூற்றிரண்டு பேருக்கு வேலை போயிற்று.

நிகனோர் குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக நாற்பது பெட்டி சோம்பு பிஸ்கட் கொடுத்தார்களாம்.

"எவனோ ஒரு தறுதலை தப்பா எண்ணிட்டான் மச்சான்," என்கிறான்.

அதுதான் மனதைச் சுடுகிறது. நான் ஒருநாளும் தப்பாக எண்ணியதில்லை. அலமாரியில் இல்லாததை இல்லை என்றுதான் எழுதினேன்.

விடிந்தால் சாக்ஸபோன். விற்பனை கூடினால் சோப்பு ஆலையில் ஆள் எடுப்பார்களாம். நேற்று எவுடோசியா அம்மாவைப் பார்த்தேன். எண்ணிக்கையில் கை வைக்கவில்லை, ஐயா. சோப்பும் நல்ல கொசுறுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.