மாலை போட்ட ஏச்சு

ஹலோ… ஆமா சார், இசக்கிசெல்விதான்… இல்ல சார், குத்தாலத்துக்கு இன்னும் கெளம்பல. குத்துக்கல்வலசைல, நம்ம ஆபீஸ்லதான் நிக்கேன்… தெரியும் சார், தெரியும். இன்னோவேஷன் விழா. பதினோரு மணிக்கு நான் மேடையேறி, ‘கம்பெனிய ஆரம்பிச்ச மணிமுத்து அண்ணாச்சி செத்தும் நம்ம கம்பெனி புதுசு புதுசா செஞ்சிக்கிட்டே இருக்கு’ன்னு பேசணும்… பேச மாட்டேன்… ஆமா, மாட்டேன்னுதான் சொன்னேன். வாய் கூசுது சார்.

…காலைல பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன்… ஆமா, வெள்ளிக்கிழமைல்லா! அண்ணாச்சி இருந்தவரைக்கும் எந்த வெள்ளிக்கிழமை போகாம இருந்தோம்? அவிய போயி எட்டு மாசமாச்சு, ஒருத்தராவது அங்கன எட்டிப் பாத்தோமா? …இருங்க, இருங்க, சொல்லி முடிச்சிருதேன். சாரல் அடிக்குது. எடையச் சத்தமாச் சொல்லுத நம்ம பேசுத தராசு வாயே தொறக்கல. வெண்டைக்கா கொண்டாந்த ரெங்கம்மாக்காவுக்கு மிஷின்ல எழுதி வருத எடையும் படிக்கத் தெரியாது. வியாபாரி சொன்னதுதான் எடைன்னு காச வாங்கிட்டுப் போனா. போற போக்குல என்னப் பாத்து ஏசுதா, ‘மழை பெஞ்சா ஊமையாயிருது, இது மிஷினா மண்ணாங்கட்டியா?’

…எங்கயோ படிச்ச மாரி இருக்கா? இருக்கும் சார். கண்ணாடி போட்டு, மாலை போட்டு வச்சிருக்கியளே, அந்த போர்டுல கடைசி வரி அதான்! …ஆமா, ஆமா, உங்க அத்தான், நம்ம அண்ணாச்சி கையெழுத்துதான், யாரு இல்லேன்னா? மார்க்கெட்ல வாங்குன ஏச்ச ஒரு எழுத்து மாத்தாம எழுதுவாவ. கோளாற சரிபண்ணுனாத்தான் அழிப்பாவ. அழிச்சாத்தான் அடுத்த ஏச்சுக்கு எடம். கம்பெனி வளந்ததே அதுலதான். நீங்க அவிய சீட்டுல வந்து உக்காந்து என்ன பண்ணுனிய? யாரும் தொடக்கூடாதுன்னு பூட்டி, தெனமும் சூடம் காட்டுதீய! நம்ம மிஷின் கோளாறுக்குச் சூடம்! த்தூ… உங்களச் சொல்லல சார்… சரி, உங்களையுந்தான் சொல்லுதேன். நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்? எட்டு மாசமா அதக் கும்பிட்டுத் துண்ணூறு பூசிட்டு, சும்மா உக்காந்து சம்பளம் வாங்குனேன்.

…என்னது? கண்ணாடி ஒடையுத சத்தம் கேட்டுச்சுன்னு வாட்ச்மேன் சொன்னானா? …சரியாத்தான் சொல்லிருக்கான். நான்தான் ஒடைச்சேன்… ஐயோ, அழிக்கல சார்! சரிபண்ணாம அழிக்க நான் யாரு? அவிய எழுதுன வரிக்குக் கீழ ஒரே ஒரு வார்த்த எழுதிருக்கேன். ‘இன்னும்’னு.

…அழிக்கவா? கண்டிப்பா அழிப்பேன் சார், மழைல நம்ம தராசு பேசுத அன்னைக்கு… வேலை போயிருமா? போட்டும் சார். சாயங்காலம் விழா முடிஞ்சி வந்து லெட்டரக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் நான்… ஹலோ? ஹலோ?

வச்சிட்டாவ. ஏ யாசரு, அந்தத் தராச இங்கன தூக்கிட்டு வா. ஒரு வாளித் தண்ணியும் கொண்டா.