அப்டேட் ஏறாத சர்வர்

ராத்திரி ஒன்றரை மணி. வியாழன் முடிந்து வெள்ளி பிறந்த நேரம். வயல்களுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒற்றைச் சாலை... முன்னாலும் வண்டியில்லை, பின்னாலும் இல்லை. ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள் ரெத்னோ. புர்வோகெர்த்தோ என்ற ஊரில் நடந்தது இது. நம் லாஸ்த்ரியின் ஒன்றுவிட்ட அக்கா அவள். லாஸ்த்ரி இதோ உட்கார்ந்திருக்கிறாள், பொய்யென்றால் சொல்லட்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சர்வர். பச்சைக் குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள்; எந்தப் பிள்ளைக்கு மூச்சு தடுமாறினாலும் நர்ஸ் மேசையில் மணி அடிப்பது அதன் வழியாகத்தான். ஒன்பது வருடமாக அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தை யாரும் தொட்டதில்லை. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தர்மோ ஐயா தொட விட்டதில்லை. "ஓடுறதை எதுக்கு நோண்டணும்?" என்பார். வியாழன் ராத்திரிதோறும் அதன் தலைமேல் சர்க்கரையில்லாத கருப்புக் காப்பி ஒரு கிளாஸ் படையல்போல வைப்பார். கிராம்புச் சிகரெட் பிடித்துப் பிடித்தே போன வருடம் செத்துப்போனார். காப்பியைக் காவலாளி ஸ்லாமத் விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வைரஸ் புகுந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் முடக்கிவிட்டது. அங்கேயும் இதே பழைய சிஸ்டம்தான். தர்மோ ஐயாவின் இடத்துக்கு வந்திருந்த ரெத்னோவை டைரக்டர் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் புதுசாக்கிடு. ஆனா ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது."

"ரீஸ்டார்ட் பண்ணாம முடியாது ஐயா. முதல்ல வேறொரு சர்வர்ல போட்டுப் பாத்துட்டு..."

"அதெல்லாம் கிடையாது."

"அப்ப நாலு நர்ஸாவது கூடுதலா..."

"காலேஜ் போய்ப் படிச்சவதானே? பாத்துக்க."

அப்டேட் போடாமல் வைரஸ் வந்தால் அவள் தலை. போட்டபின் சர்வர் எழாவிட்டாலும் அவள் தலை. அவர் தலைக்கு எதுவும் ஆகாது.

"இன்னிக்கேவா? வேற நாள் பாரேன் பொண்ணு," என்றார் அந்த ராத்திரி சர்வர் அறையைத் திறந்துவிட்ட ஸ்லாமத்.

"ஏன், காப்பி ஆறிடுமா?" கிளாஸை எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

அப்டேட் ஏறியது. ரீஸ்டார்ட் கொடுத்தாள். திரை கருத்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின... ஒன்பது வருடமாக இரைந்துகொண்டிருந்த அறையில் சத்தமே இல்லை.

ஒரு நிமிடம். மூன்று. ஐந்து.

மாடியில் பன்னிரண்டு பிள்ளைகள். ஒரே ஒரு நர்ஸ். ஓடுவதா, இங்கேயே நிற்பதா?

அப்போது முதுகுக்குப் பின்னால்...

கிரெ... தெக்.

கிராம்பு பொரியும் சத்தம். அந்தக் குளிர்ந்த, மூடிய அறையில் புகை வாசனை. கூரையிலிருந்த புகைமணி அடிக்கவில்லை. பிறகு கீபோர்டு... இரண்டே விரலால், நிதானமாக, டக்... டக்... அவளால் திரும்ப முடியவில்லை.

திரை வெளிச்சமானது. பழைய சிஸ்டம். நிற்காமல் ஓடிய நாட்கள்: 3301. நிற்கவே இல்லையாம்! கீழே கடைசி லாகின்: தர்மோ. அந்தப் பெயரை அவளே அந்த வாரம் சர்வரிலிருந்து அழித்திருந்தாள்.

வார்டுக்கு ஓடினாள். "மணியா? ஒழுங்காத்தானே அடிக்குது," என்றாள் நர்ஸ்.

இன்னும் இரண்டு தடவை போட்டாள். இரண்டு தடவையும் விடிந்தால் பழையது. "ராத்திரி தூங்கிட்டியா?" என்று கேட்டு வேலையை விட்டு அனுப்பினார் டைரக்டர்.

சுரபாயாவுக்கு வந்து லாஸ்த்ரியோடு தங்கினாள். நாலு மாதம் கழித்து ஒரு போன். அவள் இடத்துக்கு வந்த பையன்.

"அக்கா, நான் ஏத்துற அப்டேட்டை ஏன் எடுத்துடுறீங்க?"

"நானா?"

"வெள்ளிக்கிழமை விடியக்காலம் ரெண்டேகாலுக்கு உங்க பேர்ல லாகின். பாஸ்வேர்டை மாத்துனேன், பேரையே அழிச்சேன்... அப்பவும் வர்றீங்க. வேலை போயிடும்க்கா, விட்டுடுங்க."

"தம்பி, அந்நேரம் நான் தூங்கிட்டிருப்பேன்."

அது உண்மை. போன் வந்தபின் வந்த வியாழன் ராத்திரி, அதே ரெண்டேகாலுக்கு, லாஸ்த்ரி கண்விழித்துப் பார்த்தாள். ரெத்னோவின் கண் மூடியிருந்தது. இரண்டே விரல்கள் மட்டும் போர்வைமேல்... டக்... டக்... எழுப்பலாமென்று குனிந்தாள். ரெத்னோ ஒரு நாளும் சிகரெட்டைத் தொட்டவள் இல்லை.

அவள் தொண்டைக்குள்ளிருந்து வந்தது...

கிரெ... தெக்.