ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர்

— கதவைச் சாத்திட்டு வா, ராய்ஸ். சாத்தலேன்னா நீ பேசறதெல்லாம் வெளியில துணி மாத்திக்கிட்டிருக்கிறவனுங்க காதுக்குப் போயிரும். சாத்தினாலும் போகும். கொஞ்சம் லேட்டாப் போகும், அவ்வளவுதான்.

— சாத்திட்டேன், கோச். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— இன்னொரு தடவை கேளு. என் காதுலதான் கோளாறான்னு பாக்கறேன்.

— ஞாயித்துக்கிழமை என்னை இறக்குங்க. பெல்சரை உக்கார வைங்க.

— காது நல்லாத்தான் இருக்கு. டேய், இதையே வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லிப் பாரு, ஊரே சிரிக்கும். நீ தோள்பட்டை கழண்டு, கையைத் தூளியில போட்டுக்கிட்டு வீட்டுல கிடந்தவன். உன் இடத்துல இறங்கினவன் நாலு ஆட்டம் ஆடி நாலையும் ஜெயிச்சவன்.

— தூளியைக் கழட்டியாச்சு.

— டாக்டர் கழட்டினானா, நீயே கழட்டிக்கிட்டியா?

— கழட்டியாச்சு, கோச்.

— பாரு, கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. எவனை நம்பறது? பெல்சர் யாரு? கறிக்கிடங்குல பன்னிக்கறிப் பெட்டி ஏத்தி இறக்கிக்கிட்டிருந்தவன். பயிற்சியில எதிர் டீம் மாதிரி நின்னு பந்தெறிய ஒரு ஆள் வேணும்னு நான்தான் கூட்டியாந்தேன். சட்டை முதுகுல பேரு கூடத் தைக்கல. முதல் ஆட்டத்துல மைக்குல பேசறவன் அவன் பேரையே தப்பாச் சொன்னான். இப்ப என்னடான்னா, பேக்கரிக்காரன் அவன் நம்பரை கேக்கு மேல போட்டு விக்கிறான்.

— ஒன்பது வருஷமா குவார்ட்டர்பேக்கா நின்னேன், இந்த டீமோட ஒவ்வொரு பந்தும் என் கையிலேர்ந்துதான் போச்சு. எனக்கு ஒரு பன்னு கூடப் போடல.

— அதான் சங்கதி. வயிறெரியுது உனக்கு.

— எரியுதுதான். இல்லேன்னு சொன்னா மட்டும் நம்பிடுவீங்களா? ஆனா நான் வந்தது அதுக்கில்ல. போன ஞாயித்துக்கிழமை அவன் விழுந்தானே, உறைஞ்ச தரையில மண்டை போய் மோதிச்சே, நீங்க பாத்தீங்கதானே?

— பாத்தேன். எந்திரிச்சிட்டான்.

— எந்திரிச்சு எங்கே போனான்? எதிர் டீம்காரன் கூடிப் பேசற வட்டத்துல போய் நின்னான். அவனுங்களே தோளைப் பிடிச்சுத் திருப்பி விட்டானுங்க.

— நாங்கல்லாம் சிரிச்சோம். அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் ரெண்டு பந்து எறிஞ்சான் பாரு, தபால்காரன் வீட்டுக்குள்ளே வந்து கையில குடுத்த மாதிரி. மண்டை குழம்பினவன் அப்படி எறிவானா?

— எறிவான். கைக்குப் பழக்கம், கோச். தலை இல்லாமலும் கை எறியும்.

— டாக்டர் சோதிச்சாச்சு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சு படம் காட்டிக் கேட்டாச்சு. சீசனுக்கு முன்னாடி ஜூலையில எடுத்த மார்க்கும் இப்ப எடுத்த மார்க்கும் ஒண்ணா இருக்காம். டாக்டரை நான் நம்பமாட்டேன், அது வேற. ஆனா உன்னை அதைவிட நம்பமாட்டேன்.

— ஜூலை மார்க்கு! நீங்க என்ன பால்குடி பிள்ளையா? ஜூலையில எவன் ஒழுங்கா எழுதறான்?

— எனக்கு அதெல்லாம் தெரியாது.

— ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதாக்கும். எல்லாரும் வேணும்னே தப்பா எழுதறோம். அப்பத்தானே பின்னாடி அடிபட்டுத் தலை கலங்கினாலும் மார்க்கு அதே மார்க்கா வரும், வெளியில உக்கார வைக்கமாட்டாங்க. பெல்சர் என் பக்கத்து நாற்காலி. முக்கோணத்தைக் காட்டினா வட்டம்னு அமுக்கிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிச்சான்.

— சாட்சி?

— நான்தான்.

— இடம் போனவன் சொல்ற சாட்சி. நல்லா இருக்கு. நான் எட்டாவது தாண்டாதவன், இரும்பாலையில கரி அள்ளினவன். ஆனா எவன் எதுக்குப் பேசறான்னு மோப்பம் பிடிக்கத் தெரியும்.

— அப்ப அவனையே கூப்பிட்டு மோந்து பாருங்க.

— பெல்சர்! டேய் பெல்சர்! உள்ள வா.

— கூப்பிட்டீங்களா, சார்? அட, ராய்ஸண்ணே. தோள் எப்படிண்ணே இருக்கு?

— இருக்கு, தம்பி.

— உன் தலை எப்படிடா இருக்கு?

— கழுத்து மேல இருக்கு, சார்.

— கேட்டியா, ராய்ஸ்? நக்கலடிக்கிறான். கலங்கின தலையா இது?

— மணிக்கட்டுல கட்டியிருக்கிற பட்டையைக் கழட்டச் சொல்லுங்க, கோச். திட்டமெல்லாம் எழுதின பட்டை. நாலு ஆட்டத்துல அதை ஒரு தடவை கூட அவன் திரும்பிப் பாத்ததில்ல. இந்த வாரம் பயிற்சியில அதைப் பாக்காம ஒரு பந்து எறியல.

— அண்ணே, ஏண்ணே...

— கழட்டு, பெல்சர். இங்க குடு. ம். ஞாயித்துக்கிழமை முதல் பந்துக்கு என்ன திட்டம்?

— முதல் பந்து... பந்து கைக்கு வந்ததும், சார், நான் ரெண்டடி பின்னால போறேன். டூலி வலது பக்கமா ஓடுவான். இல்ல, இல்ல. டூலி குறுக்க வருவான்.

— டூலிக்கு முழங்கால் போய் ஆஸ்பத்திரியில கிடக்கான். போன மாசமே போயிட்டான்டா. நீதானே பூ வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தே?

— ஆமா சார். ஆமால்ல. பேருதான் மாறிப்போச்சு, சார். அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சுட்டா டக்குனு சொல்லிடுவேன்.

— லைட்டு எரியல, பெல்சர்.

— இல்லயா?

— ஜன்னல் வெளிச்சம். வெளியில பனி கொட்டி ஊரே இருட்டிக் கிடக்கு. இதுவா கண்ணைக் கூசுது உனக்கு?

— பரவால்ல, சார். நான் ஆடறேன். கென்டக்கியிலேர்ந்து அம்மா பஸ் ஏறிட்டாங்க. நான் ஆடி அவங்க பாத்ததே இல்ல. கிடங்குக்கு மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க, சார். அந்தக் குளிரு... சொன்னாப் புரியாது.

— சரி, சரி. போ. இந்தா, பட்டையைப் பிடி. வண்டி ஓட்டாத. எவனையாவது கூட்டிக்கிட்டுப் போ. போய்ப் படு.

— அப்ப ஞாயித்துக்கிழமை நான்தானே, சார்?

— போடான்னா.

— கதவைச் சாத்திட்டுப் போயிட்டான். இப்ப சொல்லுங்க, கோச்.

— என்னத்தைச் சொல்ல? ஞாயித்துக்கிழமை தோத்தா முதலாளி டீமை வேற ஊருக்கு வித்துருவான். ஆலை போச்சு. ரயிலு நிக்கறதில்ல. இந்த ஊர்ல பத்தாயிரம் பேர் ஒண்ணா எந்திரிச்சு நிக்கிற இடம் இந்த மைதானம் ஒண்ணுதான். டாக்டர் சரின்னு சொன்னவனை ஏன்டா உக்கார வச்சேன்னு முதலாளி கேப்பான். என்ன சொல்லட்டும்? லைட்டு எரியலேன்னு சொல்லட்டுமா?

— ஞாயித்துக்கிழமை எதிர் டீம்ல இடிச்சுத் தள்ள நிக்கிறவன் பங்கர்ட். மனுசனா அவன்? காட்டெருமைக்குச் சட்டை போட்ட மாதிரி இருப்பான். இன்னொரு தடவை அந்தத் தலை தரையில பட்டா, பையன் பஸ்ஸுல வர்ற அம்மாவைப் பாத்து நீங்க யாருன்னு கேப்பான்.

— மிரட்டாத.

— மிரட்டல. சொல்றேன்.

— நாசமாப் போவீங்கடா எல்லாரும். சாயங்காலத்துக்குள்ளே பேரு குடுக்கணும். உன் பேரையே குடுக்கறேன். கையைத் தூக்கு, பாப்போம்.

— தூக்கலாம், கோச். பேரை எழுதுங்க முதல்ல.

— அந்த அலமாரி மேல காபி டப்பா இருக்கு. எடு.

— எனக்குக் காபி வேணாம்.

— எனக்கு வேணும். எடுடா!

— இந்தா, எடுக்கறேன்.

— கை நெஞ்சுக்கு மேல வரல. மூஞ்சி பூரா வேர்த்துக் கொட்டுது. விடு, விடு, கையை இறக்கு. இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன மயித்தை எறிவே?

— எறியறதுக்கு நான் வரல. பந்தை வாங்கி, ஓடறவன் கையில குடுக்கத் தெரியும். குடுக்க முடியலேன்னா விழத் தெரியும்.

— அப்ப தோக்கப் போறோம்.

— ஆமா.

— தெரிஞ்சே வந்திருக்கே.

— ஆமா, கோச்.

— வயித்தெரிச்சல்ல பையனைத் தள்ளிட்டு வந்தான், ஆட்டத்தையும் தொலைச்சான், டீமையும் தொலைச்சான்னு ஊரு உன் மூஞ்சியில காறித் துப்பும். நானும் வாயைத் திறக்க முடியாது. அவன் தலை கெட்ட கதையைச் சொன்னா, எந்த ஊர்லயும் அவனை எடுக்கமாட்டானுங்க.

— சொல்லாதீங்க. துப்பட்டும்.

— பங்கர்ட் உன் மேல மட்டும் பூவாவா விழுவான்? அவனோடது தலை, உன்னோடது பூசணிக்காயா?

— எழுதுங்க, கோச். பனி கூடிக்கிட்டே போகுது, நான் வீட்டுக்குப் போகணும்.

— எழுதறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. டாக்டர் பாத்தான், நான் தினம் பக்கத்துல நின்னு பாத்தேன். எங்க கண்ணுக்குத் தெரியாதது, பையன் தலை கெட்டுப்போச்சுங்கறது, உன் கண்ணுக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சது?

— போன வாரம் சாப்பிட உக்காந்தப்போ, நமக்கு எத்தனை பிள்ளைங்கன்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், கோச். விளையாட்டுக்குக் கேக்கறேன்னு நினைச்சு அவ சிரிச்சா. நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டேன்.