அடியாழத்துப் போல்டர்

இல்ல மக்கா, அது கெட்டுப் போவல்ல. அது அப்படித்தான் எரையும். வயசான கம்ப்யூட்டரு கேட்டியா, நம்மள மாதிரிதான், எந்திரிக்கதுக்கு முன்ன நாலு மொனங்கு மொனங்கும். நீ அந்த நாற்காலிய செவத்தோட சேத்துப் போட்டு இரி, ஒரு காலு ஆடும். சாயா சொல்லி விட்டிருக்கேன்.

எவ்வளவு நேரம் ஆவும்? புரோகிராம் எழுதுன உனக்கே தெரியாதா. கொள்ளாம், நல்ல கூத்து.

ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. நீ எழுதுனது மொத்தம் பதினாலு வரி. பொறத்தால நின்னு எண்ணுனேன். அந்தப் பதினாலு வரி இதுக்குள்ள இருக்க எல்லா போல்டருக்குள்ளயும் போவும், அதுக்குள்ள இருக்க போல்டருக்குள்ள எறங்கும், எத்தன படி எறங்குனோம்னு எண்ணிட்டு வெளிய வரும், அடுத்ததுல நொழையும். கடைசில எது ரொம்ப ஆழமோ அத மட்டும் சொல்லும். அப்படித்தானே? இது கல்யாணத் தரகன் வேலயில்லா. ஊருல உள்ள அடுக்களையெல்லாம் நொழஞ்சு பாப்பான், கடைசில ஒத்த வீட்டுப் பேரச் சொல்லுவான். இதுக்காக்கும் உனக்கு துபாய்ல சம்பளம் தாறானுவ.

சிரிக்காத. எங்க விளையாட்டுக் கழகத்துல எதுக்கு இப்படிப் போல்டருக்குள்ள போல்டர்னு கேட்டேல்லா, சொல்லுகேன். இங்க ஒரு பழக்கம் உண்டு. புதுசா வாற செயலாளர், முந்தினவன் வச்சுட்டுப் போன ஒரு துண்டுக் காயிதத்தக்கூடத் தொட மாட்டான். தொட்டுட்டு, நாளைக்கு ஒண்ணு காணல்லன்னா இவன் தலையிலதானே விழும். அப்பமெல்லாம் பழைய நோட்டுகள ஒரு துணியில மூட்டையாக் கெட்டி அலமாரியில வைப்பாவ. அடுத்தவன் வந்து அந்த மூட்டையவும் உள்ள வச்சு இன்னொரு மூட்டை கெட்டுவான். கடைசில அலமாரிக் கதவு அடைக்க முடியல்ல. அதுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர வாங்குனோம். வாங்கியும் என்ன, கைப்பழக்கம் போவுமா? புதுசா வாறவன் பழையதுன்னு ஒரு போல்டர் போடுவான், இருக்கத மொத்தமா அதுக்குள்ள தள்ளுவான். பழையது, அதுக்குள்ள பழையது, அதுக்குள்ள பழையது. நாராயணபெருமாள் மட்டும் கொஞ்சம் படிச்ச ஆளு, மிகப் பழையதுன்னு போட்டான்.

சரி, உனக்கு வேண்டியது ரெண்டாயிரத்தி ரெண்டாம் வருஷத்து ஆண்டு விழாப் படம். கம்ப்யூட்டர் வந்த வருஷம். அப்பம் அது எல்லாத்துக்கும் அடியிலதான் கெடக்கணும். உன் நியாயம் சரிதான். பேர வச்சுத் தேடலாம்னா பேரெல்லாம் வெறும் நம்பரு, பதினேழாயிரம் படம். தேதிய வச்சுத் தேடலாம்னா, கேமரா கொண்டு வந்த குவைத்து வினோஜ் அதுல தேதியே வைக்கல்ல. அவன் எடுத்த படமெல்லாம் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணாந்தேதி எடுத்ததுன்னு கெடக்கு. அன்னைக்கு அவனுக்கு மூணு வயசு.

அந்தப் படமா? செவத்துல தொங்குகது நாந்தான். வேற ஆரு. வடம் இழுப்புல நம்ம அணிக்குக் கடைசி ஆளு, வடத்த இடுப்புல சுத்திட்டு நிக்க ஆளு. கருங்கல் சந்தையில போய் சுந்தர்சிங்குன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. நங்கூரம்னு கேளு, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு விடுவானுவ.

உங்கப்பா சொல்லியிருப்பாரே. சொன்னதில்லையா. ம், எப்படிச் சொல்லுவாரு.

தேங்காப்பட்டணத்துக்காரனுவ அந்த ஆண்டு விழாவுக்கு முன்ன தோத்ததே கெடையாது கேட்டியா. உங்கப்பா ஏசுஅடிமை முதல்ல, உன் சித்தப்பன் எபிசன் ரெண்டாவது. கரைக்கு வள்ளம் இழுத்துப் பழகுன கை. அவிய வந்து எறங்குனதப் பாத்ததும் நம்ம ஆளு ரெண்டு பேரு வயித்த வலிக்குன்னு போயிட்டானுவ, வேற ரெண்டு பேரக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். விசில் ஊதுனான். இழுத்தானுவ. நான் அசையல்ல. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம். என் காலு முட்டு வரைக்கும் மண்ணுல எறங்கிட்டு. பொறவு அந்தக் குழியில வெள்ளம் ஊறிச்சு. வெளிய நிக்குல்லா கழகத்துக் கெணறு, அது அந்தக் குழிதான், பொறவு நாங்க கொஞ்சம் பெருசாக்கி சுவரு கெட்டுனோம். எட்டாவது நிமிஷம் பொறத்தால ரெண்டு தேங்கா விழுந்துது. நான் விட்ட மூச்சுலதான் விழுந்துதுன்னு சனம் சொல்லிச்சு. நான் மறுக்கல்ல.

பதினோராவது நிமிஷம் அங்க ஒருத்தன் விழுந்தான். அவனோட எட்டுப் பேரும் விழுந்தானுவ. கப்பு நமக்கு.

அதுக்குப் பொறவு எனக்கு ஏகப்பட்ட அழைப்பு. மண்டைக்காடு கோயில் கொடைக்குப் போன லாரி ஒண்ணு பள்ளத்துல மாட்டிட்டுன்னு ஆளு விட்டாவ. நான் சட்டை மாத்திட்டு எறங்குகதுக்குள்ள, நங்கூரம் வாறாருன்னு ஆரோ சொல்லியிருக்கான், லாரி தானா ஏறி வந்துட்டு.

என்ன பாக்க? நம்பாண்டாம். நம்புனவனுவ இருக்கானுவ.

சரி, உன் காரியத்துக்கு வாறேன். காலையில நீ சொன்னத நான் ஒழுங்கா வாங்குனேனான்னு பாரு. அன்னைக்கு விழுந்தது எபிசன். வேணும்னே கைய விட்டான்னு உங்கப்பா சொல்லுகாரு. இல்ல, தோளு ரெண்டும் செத்துப் போச்சு, அப்பமும் வடத்த விடல்ல, காலுதான் வழுக்குச்சுன்னு எபிசன் சொல்லுகான். அன்னைக்குப் பேச்ச நிறுத்துன அண்ணனும் தம்பியும் இன்னைக்கு வரைக்கும் பேசல்ல. வீட்டுக்கு நடுவுல ஒரு மதிலு, ரெண்டு வாசல். வாற திங்கக்கிழமை உனக்குக் கல்யாணம். சித்தப்பன் வரல்லன்னா நான் தாலி கெட்ட மாட்டேன்னு நீ நிக்க. உங்கப்பா சொல்லிட்டாரு, அவன் கை வடத்துல இருக்க படத்தக் காட்டு, நானே நடந்து போய் அழைக்கேன்னு. இவ்வளவுதானே?

அது வந்து, காலையில நீ வந்து கேட்டதும் கம்ப்யூட்டர் பூட்டி வச்சிருக்க அலமாரிச் சாவியக் காணல்லன்னு சொன்னேன். பொறவு கரண்டு இல்லன்னு சொன்னேன், தலைக்கு மேல ஃபேன் சுத்திட்டிருந்துது. நீ அந்த மதிலுக் கதையச் சொன்ன பொறவுதான் சாவி கெடச்சுது. இடுப்புலதான் கெடந்துது சவம்.

என்ன, எரைச்சல் நின்னுட்டு? வந்துட்டா. எத்தன சொல்லுது?

நாப்பத்தொண்ணு.

ம்.

அங்க எதுக்குப் பாக்க? செயலாளர் பேரு எழுதுன பலகை அது. எண்ணாண்டாம், நானே சொல்லுகேன், கம்ப்யூட்டர் வந்த பொறவு பத்தொம்பது பேரு. பத்தொம்பது பேருக்குப் பத்தொம்பது போல்டர்தான் வரணும். மிச்சம் இருபத்திரண்டு ஆரு போட்டதுன்னு கேக்க. தா, சாயா வந்துட்டு. சூட்டோட குடி. அந்தப் பேருகள ஒருக்க வாசி பாப்போம்.

பழையது. மிகப் பழையது. தொடாதே. மெய்யாகவே தொடாதே. தலைவர் உத்தரவு. உள்ளே ஒன்றும் இல்லை. சொன்னால் கேட்க மாட்டாயா.

போதும். அதெல்லாம் என் எழுத்துதான்.

எனக்குக் கம்ப்யூட்டர்ல தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான் மக்கா. இங்க வேல பாத்த லிஜி பிள்ள சொல்லித் தந்தா. புதுசா ஒரு போல்டர் போடணும், பழசத் தூக்கி உள்ள வைக்கணும். ஆராவது அந்த ஆண்டு விழாவப் பத்திப் பேச்செடுத்தா, அன்னைக்குச் சாயங்காலம் நான் வந்து இன்னொரு போல்டருக்குள்ள தள்ளுவேன். ஒரு நாளு பேரு ரொம்ப நீளமாயிட்டுன்னு கம்ப்யூட்டரு பெணங்கிட்டு. அதுக்குப் பொறவு எனக்கே தொறக்க முடியல்ல.

அழிச்சிருக்கலாம்தான். எத்தனையோ தடவ கை போச்சு. நம்ம அணியில நின்ன எட்டுப் பேருல நாலு பேரு இப்பம் இல்ல. அவனுவ ஒண்ணா நிக்க படம் அது ஒண்ணுதான் கெடக்கு.

சரி, தொற. உன் பதினாலு வரிக்கு அது பெணங்காதா? தொறந்துட்டா. கெட்டிக்காரன்தான் நீ.

எபிசன் கை எங்க இருக்கு? வடத்துல. நல்லாப் பாரு, கழுத்து நரம்பெல்லாம் பொடச்சு நிக்கு. காலு வழுக்கிட்டு, ஆளு சாயுகான், ரெண்டு கையும் வடத்துலதான். அப்பம் உன் காரியம் கழிஞ்சு. போன்ல எடுத்துக்கோ.

நில்லு. போவாத. அப்படியே வலது பக்கமா வா. அது நான். செவத்துல தொங்குகதும் இதே படந்தான், என் முதுகோட நிறுத்தி மிச்சத்த வெட்டிரச் சொன்னேன் ஸ்டுடியோக்காரன்கிட்ட. எனக்குப் பொறத்தால என்ன தெரியுது? ஆண்டு விழா பேனரு. பேனருக்குக் கீழ ஒரு கயிறு எறங்கிப் போவுதா. வடத்தோட வாலு. அது எங்க போவுதுன்னு பெருசாக்கிப் பாரு.

தென்னதான். மூணு சுத்து.

விசில் ஊதுகதுக்கு முன்ன, பேனரு சாயுது, கெட்டிட்டு வாறேன்னு பொறத்தால போனேன். நம்ம ஆளுவளுக்கும் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது, என் கெட்டியவ கிரேசிக்கும் தெரியாது. அந்த ரெண்டு தேங்கா விழுந்துதே, அது மூச்சுல விழல்ல. உங்கப்பனும் சித்தப்பனும் சேந்து பதினோரு நிமிஷம் அந்த மரத்த உலுக்கியிருக்கானுவ.

ஒரு நாளு கூத்துக்குச் செஞ்சதாக்கும். அதுல ஒரு வீட்டுக்குள்ள மதிலு எழும்பும்னு ஆரு கண்டா.

அந்த முழுப் படத்தையும் கொண்டு போ. வெட்டாத. அலமாரியில கப்பு இருக்கு, அதையும் ஒரு துணியில பொதிஞ்சு எடுத்துக்கோ. கருங்கல் சந்தை வழியா மட்டும் போவாத, சுத்திப் போ, எனக்கு நாளைக்கு மீன் வாங்கப் போவணும்.

கல்யாணத்துக்கு நானா? நான் என்ன மொகத்தோட வாறது. மரம் இப்பமும் கெணத்துப் பக்கத்துலதான் நிக்கு, கயிறு அறுத்த தழும்பும் இருக்கு. நல்ல காய்ப்பு. ஞாயித்துக்கிழமை ஆள விட்டு எல்லாத்தையும் பறிச்சு அனுப்பி வைக்கேன், விருந்துக்கு அரைங்க. ஜெயிச்சது அதுதானே, அது வரட்டும்.