பேய் மாளிகையில் என் குரல்

பெயர் பொன்னாத்தாள், வயது 51, கணவர் பெயர் மாரப்பன் (காலமாகிவிட்டார்), தொழில் பனியன் கம்பெனியில் செக்கிங், குடியிருப்பது திருப்பூர் நெருப்பெரிச்சலில் வாடகை வீடு. காங்கேயம் ரோட்டில் உள்ள குதூகலம் தீம் பார்க்கின் உரிமையாளர் தனபால் கொடுத்த புகாரின் பேரில் இன்று என்னை நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். எஸ்.ஐ. அருள்செல்வன் அய்யா கேட்க, பெண் காவலர் ஜனனி எழுத, நான் சொல்வது பின்வருமாறு. சுருக்கமாகச் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்லக்கூடிய சங்கதியாக இருந்தால் நான் ஏன் இங்கே வந்து உட்காரப் போகிறேன்.

மேற்படி பார்க் இருக்கும் இடம் எனக்குப் புதிது இல்லை. முன்பு அது தேங்காய்ப் பருப்பு காய வைக்கும் களம். தனபாலின் எண்ணெய் மில்லோடு சேர்ந்த அந்தக் களத்தில் நானும் என் வீட்டுக்காரரும் தேங்காய் உடைத்தோம். அதன் பிறகு எண்ணெய் வியாபாரம் படுத்துவிட்டதால், தனபால் களத்தில் ஒரு நீச்சல் குளம் வெட்டி, ஒரு பெரிய ராட்டினமும் கொண்டுவந்து நிறுத்தி, டிக்கெட் போட்டார். ராட்டினத்தில் முதலில் ஏற எல்லாரும் பயந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளை ஏற்ற மனசு வராததால், களத்து ஆட்களின் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். முதல் பெட்டியில் என் மகள் இந்துமதி உட்கார்ந்தாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தூக்கி உட்கார வைத்தவர் தனபால். இதை விடாமல் எழுதும்மா, பின்னால் வேண்டியிருக்கும் என்று எழுதுகிறவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு அலைக்குளம் வந்தது, மழை டான்ஸ் வந்தது, வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு சிமென்டில் காங்கேயம் காளை வந்தது. உயிரோடு கட்டியிருந்த காளைகளை விற்றுவிட்டுத்தான் அந்தச் சிமென்ட் காளையை எழுப்பினார். இன்றைக்கு அதன் காலடியில் நின்று போட்டோ எடுக்காமல் யாரும் உள்ளே போவதில்லை. களத்து வேலை போனதால் நாங்கள் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தோம். வீட்டுக்காரர் போன பிறகு நானும் மகளும் மட்டும் இருந்தோம். படிப்பை முடித்து அவளும் என் கம்பெனியிலேயே செக்கிங்கில் நின்றாள். ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தி, தலை ஈரம் காய்வதற்குள் தூக்கிவிட்டார்கள். அதைச் சொல்லித்தான் நான் ஒப்பாரி வைத்தேன். தனபாலும் மாலையோடு வந்து நின்று கேட்டார்.

அதன் பிறகு வருசம் திரும்புவதற்குள் அவர் என் வீட்டுக்கு வந்தார். பார்க்கில் கிராமிய உலகம் என்று ஒரு கூடம் கட்டியிருப்பதாகவும், ஏர் ஓட்டுகிறவர், உரல் இடிக்கிறவர் என்று பொம்மைகள் வைத்திருப்பதாகவும், அங்கே ஒப்பாரியும் ஒலிக்க வேண்டும் என்றும் சொன்னார். சாவு இல்லாமல் ஒப்பாரி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால் முடியாது என்றேன்.

"நம்மூரு ஒப்பாரி அழிஞ்சு போயிருமுங்க, பொன்னாத்தா. ஸ்கூல் புள்ளைங்க வந்து கேக்கோணுமுங்க. கும்புட்டுட்டுப் போவாங்க."

கும்பிடுவார்கள் என்றதும் என் மனசு இளகிவிட்டது. சும்மா பாட மாட்டேன், பாடினால் என் பெண்ணுக்குத்தான் பாடுவேன், அவள் பெயரைச் சொல்லித்தான் பாடுவேன் என்றேன். சரி என்றார். அவள் பெயர் ஊரில் ஓர் இடத்திலாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். ஆடு கசாப்புக்காரனை நம்பும் என்பார்கள், நானும் நம்பினேன். அவர் பதிவு செய்ய, நான் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடித்தேன். ஒரு சேலை கொடுத்தார். அதை நான் இதுவரை கட்டவில்லை.

அதன் பிறகு இன்றுதான் மேற்படி பார்க்குக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் எல்லாரையும் டூர் கூட்டிப் போனார்கள். நான் சந்தோசமாகத்தான் போனேன். என் பக்கத்து டேபிளில் வேலை செய்யும் ஆஃப்ரினிடம், என் மகளுக்கு நான் பாடிய பாட்டை உன்னைக் கேட்க வைக்கிறேன் என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தேன். வாசலில் எங்கள் புளிச்சோற்றை வெளிச்சாப்பாடு ஆகாது என்று பிடுங்கி வைத்தார்கள். அதற்கும் பேசாமல்தான் உள்ளே போனேன். மற்றவர்கள் அலைக்குளத்துக்கு ஓட, நாங்கள் இரண்டு பேரும் கிராமிய உலகத்தைத் தேடினோம். அந்தக் கூடத்துக்குக் கருப்புப் பெயின்ட் அடித்து, வாசலில் மண்டை ஓடு மாட்டியிருந்தது. கிராமத்தைப் பார்க்க யாரும் வரவில்லை, அதனால் இப்போது பேய் மாளிகை என்று காவலாளி சொன்னார். வரிசையில் நின்ற பையன்கள் குரலை இழுத்து "இந்துமதீ... இந்துமதீ..." என்று ஒருவரை ஒருவர் பயமுறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண்ணைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

உள்ளே இருட்டாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு பொம்பளை அழுகிற சத்தம் கேட்டது. இழுத்து, எதிரொலி வைத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஆஃப்ரின் என் கையைப் பிடித்து, "அக்கா, இது உங்க குரலுங்கக்கா" என்றாள்.

"ஈரத்தல காயலயே, என் கண்ணே இந்துமதி,
வாரி முடியலயே, வாசலுல நிக்கறியோ"

இது நான் பாடியது. பெயர் வந்த இடத்தில் மேலேயிருந்து ஒரு பொம்மை தொப்பென்று இறங்கியது. வெள்ளைச் சேலை கட்டி, தலைமுடியை ஈரமாக விரித்துவிட்டிருந்தார்கள். முடியிலிருந்து ஆட்கள் மேல் தண்ணீர் சொட்டும்படி குழாயும் வைத்திருந்தார்கள். முன்னால் போனவர்கள் கத்தினார்கள், அப்புறம் சிரித்தார்கள். ஈரத் தலை என்று நான் பெற்ற வயிறு எரியப் பாடியதை வைத்து அந்தப் பொம்மையைச் செய்திருக்கிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது மிச்சம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அதன் பிறகும் நான் எதையும் தொடவில்லை. வெளியே வந்தேன். வெளியே வரும் வழியில் ஒரு கடை. அங்கே கருப்புப் பனியன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நெஞ்சில் "நான் இந்துமதியைப் பார்த்துவிட்டேன்" என்று அச்சடித்து, கீழே பல்லிளிக்கும் பேய் முகம். கையில் எடுத்துப் பார்த்தேன், பழக்கதோசம். கழுத்துப் பட்டியில் ஊசி ஓட்டை, தோளில் தையல் விட்டிருந்தது. நாங்கள் செக்கிங்கில் ஒதுக்கித் தள்ளுகிற செகண்ட்ஸ் மால். என் பெண்ணின் பெயரை அடித்து விற்க இவர்களுக்கு ஒரு நல்ல பனியன்கூடக் கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதன் பிறகு வெளியே வரும் வழியாகவே திரும்ப உள்ளே போனேன். நூல் வெட்டும் டிரிம்மர் எப்போதும் என் சுருக்குப் பையில் கிடக்கும். அதை வைத்துச் சுவரோரம் ஸ்பீக்கருக்குப் போன வயரை வெட்டினேன். பொம்மையை இழுத்துக் கீழே போட்டு, அதன் முடியைப் பிய்த்தேன். காவலாளியைக் கடித்ததாகப் புகாரில் இருக்கிறது. அவர் என் வாயைப் பொத்தினார். பொத்தினால் பல் படத்தான் செய்யும். மற்றபடி செய்தது எல்லாம் நான்தான், ஆஃப்ரினுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

அதன் பிறகு என்னை ஆபீசுக்கு இழுத்துப் போனார்கள். தனபால் வந்தார்.

"ஏனுங்க பொன்னாத்தா, இதுக்குப் போயி இப்பிடிப் பண்ணலாமுங்களா? ஊருல எத்தனையோ இந்துமதி இருக்குது. சனங்க சிரிச்சுட்டுப் போறாங்க, உட்டுத் தள்ளுங்க."

"ராட்டினத்துல தூக்கி உக்கார வெச்சீங்களே, அது எந்த இந்துமதிங்க?" என்று கேட்டேன். அவர் உடனே போலீசுக்குப் போன் போடச் சொன்னார். ஜீப் வந்து என்னை ஏற்றும்போது பேய் மாளிகையிலிருந்து என் குரல் திரும்பவும் கேட்டது. அதற்குள் வயரை ஒட்டிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகத் தனபால் சொல்லி அனுப்பியிருப்பதாக அய்யா சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் குரலையும் என் பெண் பெயரையும் அங்கேயிருந்து அடியோடு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மறுபடியும் போவேன், மறுபடியும் வெட்டுவேன். இதை எழுத வேண்டாம், உங்களுக்குத்தான் கெடுதல் என்று அய்யா சொன்னார். எழுதச் சொன்னேன்.

மேலே எழுதியதை ஜனனி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் புகாரையும் வாசிக்கச் சொன்னேன். அதில் "இந்துமதி என்னும் பேயைச் சேதப்படுத்தினார்" என்று இருக்கிறது. நான் சேதப்படுத்தியது ஒரு பொம்மையை. இந்துமதி யார் என்பதை என் பெயரை எழுதிய மாதிரியே இதிலும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அய்யா ஜனனியிடம், எழுதிக்கொள்ளம்மா என்றார்.

பெயர் இந்துமதி, வயது 19, தகப்பனார் பெயர் மாரப்பன், தொழில் பனியன் கம்பெனியில் செக்கிங், விலாசம் மேற்படியே.

(ஒப்பம்) மா. பொன்னாத்தாள்